வாழ்த்துக்கு எதற்கு வக்கீல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 34 வருடம் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் பீட் பார்த்த, அதாவது தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்த கால் இது. இப்போது சென்னை மேடவாக்கத்தில் மகன் வீட்டில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு எங்கள் குடியிருப்போர் சங்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாழ்த்தைப் படித்ததிலிருந்து மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொங்கலும் நெருங்கி வருகிறது, அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடுங்கள்.

வந்த வாழ்த்து இதுதான், ஒரு எழுத்து மாற்றவில்லை:

"தீபாவளி கொண்டாடும் உறுப்பினர்களுக்கு மட்டும் சங்கத்தின் சார்பில் வாழ்த்துகள். கொண்டாடாத உறுப்பினர்களின் உணர்வுகளைச் சங்கம் மதிக்கிறது. இவ்வாழ்த்து எந்த மதத்தையும், சாதியையும், கட்சியையும் ஆதரிப்பதாகவோ எதிர்ப்பதாகவோ பொருள் கொள்ளலாகாது. பெறுபவர்கள் பதில் வாழ்த்து அனுப்பக் கடமைப்பட்டவர்கள் அல்லர். காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை மட்டுமே பட்டாசு வெடிக்க அனுமதி. மீறுவோர் மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்கும், பட்டாசினால் ஏற்படும் உயிர், பொருள் சேதத்துக்கும் சங்கம் பொறுப்பல்ல. இப்படிக்கு, நிர்வாகக் குழு."

கையெழுத்தில் ஒரு மனிதன் பெயர்கூட இல்லை, பாருங்கள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதாவது படிக்கும் என் பேரன் இதைக் கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற குரலில் வாசித்தான். வீடே சிரித்தது. விடவில்லை அவன், எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லும் ஆசீர்வாதங்களையெல்லாம் இதே பாணியில் மாற்றி எழுதிக் காட்டினான். "பதினாறும் பெற்று (கையிருப்பு உள்ளவரை) பெருவாழ்வு (மருத்துவச் சான்றுக்கு உட்பட்டு) வாழ்க." "தீர்க்காயுசா இரு, ஆனால் ஆயுளுக்கு ஆசீர்வதிப்பவர் உத்தரவாதம் அல்லர்." "பொங்கலோ பொங்கல்! பால் பொங்கும் உயரம் அடுப்புக்கு அடுப்பு மாறுபடலாம்." என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் படுக்கப் போனபோது சிரிப்பு போய்விட்டது, வருத்தம்தான் மிஞ்சியது. நாள் முழுக்க அந்தக் குழுவில் இந்த வாழ்த்துக்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கடமையில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்களே, யார் போடுவார்கள்?

எங்கள் சங்கத்தோடு இது நிற்கவில்லை. என் மருமகள் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வந்த பண்டிகைக் கால மின்னஞ்சலில் எந்தப் பண்டிகை என்ற பெயரே இல்லை, "இந்தக் கொண்டாட்டக் காலத்தில்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதற்குக் கீழே பத்து வரிக்குச் சட்டம்: இந்தச் செய்தி உரியவருக்கு மட்டுமே, தவறுதலாக உங்களுக்கு வந்திருந்தால் உடனே அழித்துவிட்டுத் தெரிவிக்கவும், நகலெடுப்பதும் மற்றவருக்கு அனுப்புவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. தீபாவளி வாழ்த்து தவறுதலாக ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன குடி முழுகிவிடும்? நான் வேலை பார்த்த காலத்தில் விலாசம் மாறிப் போன பொங்கல் வாழ்த்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாருன்னு தெரியல அண்ணாச்சி, ஆனா நல்லா இருக்கணும்னு எழுதிருக்காரு" என்று சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நகைக்கடை விளம்பரத்தைப் பாருங்கள், "இல்லமெங்கும் மங்களம் பொங்க வாழ்த்துகிறோம்" என்று எழுதி மேலே ஒரு நட்சத்திரக் குறி, அடியில் பொடி எழுத்தில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது". அந்தக் குறி தள்ளுபடிக்காகத்தான் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் மங்களத்துக்குப் பக்கத்தில் அது நிற்கும்போது கண்ணை உறுத்துகிறது.

சங்கச் செயலாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். தங்கமான மனிதர் அவர், லிஃப்ட் கெட்டுப்போனால் ராத்திரி 11 மணிக்கும் கீழே வந்து நிற்பவர். அவர் சொன்ன காரணம் இதுதான். ஒரு வருடம் ஏப்ரல் 14 அன்று குழுவில் ஒருவர் "தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள்" என்று போட்டாராம். தை ஒன்றுதான் புத்தாண்டு என்று இன்னொருவர் எழுத, மூன்றாமவர் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆரம்பிக்க, மத்தியானத்துக்குள் நூறு செய்தி, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். அப்புறம்தான் குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு வக்கீலிடம் கேட்டு இப்படி ஒரு மாதிரி வாசகம் தயாரித்து வைத்திருக்கிறார். பண்டிகை பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதுமாம். "யார் மனசும் நோகக் கூடாதுல்ல சார்" என்றார்.

அவர் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் வாழ்த்துக்குள் உண்மையிலேயே சட்டம் புகுந்திருக்கிறது. 2008-ல் தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டசபையில் சட்டம் போட்டார்கள், 2011-ல் ஆட்சி மாறியதும் அதை ரத்து செய்து சித்திரைக்கே கொண்டு போனார்கள். நான் தபால் பையைத் தூக்கிய காலத்தில் யாருக்கும் வராத சந்தேகம் அதற்கப்புறம் எல்லாருக்கும் வந்துவிட்டது. யாரிடம் எதைச் சொன்னால் எந்தக் கட்சி என்று நினைப்பார்களோ என்று பயந்து "சித்திரைத் திருநாள்" என்றார்கள், இன்னும் பயந்தவர்கள் "விடுமுறை நாள்" என்றார்கள். விநாயகர் சதுர்த்திக்கு "விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சிகள்" என்று டிவியில் வந்ததைப் பார்த்து ஊரே கேலி செய்தது ஞாபகம் இருக்கும். பட்டாசு நேரமும் அப்படித்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரவு 8 முதல் 10 வரை என்று இரண்டு மணி நேரம் கொடுத்தது, நம் பக்கம் விடிகாலையில் வெடிப்பதுதான் வழக்கம் என்று தமிழ்நாட்டிலிருந்து கேட்ட பிறகு காலை ஒரு மணி, இரவு ஒரு மணி என்று பிரித்துக்கொள்ள விட்டார்கள். அந்த நேரத்தை எல்லாருக்கும் சொல்ல வேண்டியது அவசியம்தான். எங்கள் வளாகத்தில் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள், சத்தத்துக்கு நடுங்கும் வயசானவர்கள் இருக்கிறார்கள். லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் போர்டு இருக்கிறது, அதில் பெரிய எழுத்தில் ஒட்டட்டும், குழுவில் தனிச் செய்தியாகவும் போடட்டும். வாழ்த்தோடு சேர்த்துக் கட்டினால்தான் இரண்டும் கெடுகிறது. எங்கள் சார்ட்டிங் அறையில் மணியார்டரையும் வாழ்த்து அட்டையையும் ஒரே கட்டில் போட்டால் போஸ்ட்மாஸ்டர் சும்மா விடுவாரா?

என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். இதைப் பற்றிப் பேசியபோது அங்கே கிறிஸ்துமஸ் வாழ்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன கதையைச் சொன்னான். ரோட் தீவு மாநிலத்தில் பாடக்கெட் என்ற ஊரில் நகராட்சி வைத்த கிறிஸ்துமஸ் குடிலை எதிர்த்து வழக்கு. 1984-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் குடில் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. குடில் தனியாக இல்லை, பக்கத்திலேயே சாண்டா வீடு, கலைமான்கள், மரம், "பருவகால வாழ்த்துகள்" என்று ஒரு பெரிய பதாகை எல்லாம் இருந்தது என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்களாம். ஐந்து வருடம் கழித்து 1989-ல் பிட்ஸ்பர்க்கில் நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தனியாக வைத்த குடில் கூடாது என்றார்கள், அதே ஊரில் வேறொரு அரசுக் கட்டடத்துக்கு வெளியே கிறிஸ்துமஸ் மரத்தோடு வைத்த யூதர்களின் விளக்குத்தண்டு இருக்கலாம் என்றார்கள். கடைசியில் 2013-ல் டெக்சாஸ் மாநிலம், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்று சொல்லலாம் என்று தனிச் சட்டமே கொண்டு வந்தது. வாழ்த்துச் சொல்ல அனுமதிக்கும் சட்டம்! கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனாலும் அங்கே ஒரு நியாயம் இருக்கிறது, அரசாங்கம் எந்த மதத்தையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்பது அவர்கள் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், நகராட்சிப் பணத்தில் குடில் வைத்தால் கேள்வி வரத்தான் செய்யும். மேடவாக்கத்தில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பக்கத்து வீட்டுக்காரரை வாழ்த்துவதற்கு எந்தக் கோர்ட் குறுக்கே வரப்போகிறது? அவர்களுடைய வழக்கு நமக்கு இல்லை, பயத்தை மட்டும் இறக்குமதி செய்து வைத்திருக்கிறோம்.

தபால்காரன் என்பதால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். உலகத்தில் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையை 1843-ல் லண்டனில் அச்சடிக்க வைத்தவர் ஹென்றி கோல். ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் அனுப்பும் பென்னி தபாலைக் கொண்டு வர உழைத்தவர்களில் அவரும் ஒருவர், அதாவது எங்கள் துறைக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லாமல் ஓர் ஓவியரிடம் படம் வரையச் சொல்லி 1000 அட்டை போட்டார், ஒன்று ஒரு ஷில்லிங். படத்தில் குடும்பமே, ஒரு குழந்தை உள்பட, ஒயின் குடிப்பது போல இருக்கிறது என்று மது எதிர்ப்பாளர்கள் அப்போதே சண்டைக்கு வந்தார்கள். ஆக, முதல் அட்டைக்கே மனசு நொந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அதற்காக உலகம் வாழ்த்து அனுப்புவதை நிறுத்திவிடவில்லை.

எங்கள் காலத்துப் பொங்கல் சீசனைச் சொன்னால்தான் என் ஆதங்கம் புரியும். மார்கழி பாதியிலேயே பஜாரில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள், எல்லாம் சிவகாசி அச்சு. கரும்பு, பானை, உழவன், காளை, எம்.ஜி.ஆர்., சிவாஜி, பின்னால் ரஜினி, கமல். உறையின் ஓரத்தை ஒட்டாமல் உள்ளே மடித்துவிட்டு மேலே "புக் போஸ்ட்" என்று எழுதினால் குறைந்த கட்டணம். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் பை தோளை அறுக்கும், ஒரு தெருவுக்கே இரண்டு நடை நடப்போம். பாதி அட்டைகளில் ஒரே வாசகம், "தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இதயங்கனிந்த பொங்கல் நல்வாழ்த்துகள்". ஆனால் அடியில் "இப்படிக்கு" என்று போட்டுப் பேனாவில் ஒரு பெயர் இருக்கும், சில சமயம் பிஞ்சுக் கையெழுத்தில் கோணல் மாணலாக இருக்கும். வாங்குகிறவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பெயரைத்தான் தேடுவார். மேலப்பாளையத்தில் பாய் வீடுகளுக்கும் பொங்கல் அட்டை வரும், பாளையங்கோட்டையில் டீச்சர்கள் வீடுகளுக்கு டிசம்பரில் வருகிற கிறிஸ்துமஸ் அட்டையில் பாதி இந்து மாணவர்கள் அனுப்பியது. "கொண்டாடுபவர்களுக்கு மட்டும்" என்று ஒரு அட்டையில்கூட நான் பார்த்ததில்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம், கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு, தீபாவளிக்கு முந்திரிக்கொத்து என்று மூன்று வீட்டுப் பலகாரமும் தின்றுதான் நான் நடந்திருக்கிறேன்.

கவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் பெரிய வியாழன் அன்று ஒரு டீச்சரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு லீவு டீச்சர், குட் ஃப்ரைடே வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "நாளைக்கு எங்களுக்குத் துக்க நாள் தம்பி, ஞாயித்துக்கிழமைதான் ஈஸ்டர், அதுக்கு வாழ்த்துங்க" என்றார். திங்கட்கிழமை டெலிவரிக்குப் போனதும் முதல் வேலையாக ஈஸ்டர் வாழ்த்தைச் சொன்னேன், அன்றிலிருந்து பணிமாற்றம் ஆகும் வரை வருடா வருடம் தவறாமல் சொன்னேன். தெரியாமல் சொன்னதைத் திருத்த அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று, அவ்வளவுதான். அன்றைக்கு நான் பயந்துபோய் இனி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தால் அந்த வீட்டோடு எனக்கு இருந்த பழக்கமே இல்லாமல் போயிருக்கும்.

அதேபோல, வாழ்த்தவே மாட்டேன் என்று சொல்பவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார், கறுப்புச் சட்டைக்காரர். நரகாசுரனைக் கொன்ற நாளை நான் கொண்டாட மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். தீபாவளி ராத்திரி டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வார், அதனால் வேறொருவர் பிள்ளைகளோடு வீட்டில் இருக்க முடியும். பொங்கல் வந்தால் இருநூறு பேருக்குத் தன் கைப்பட அட்டை எழுதுவார். தீபாவளிக்கு அவர் சொல்லாமல் விட்டதிலும் பொங்கலுக்குச் சொன்னதிலும் அவர் முழுசாக இருந்தார். சங்கத்தின் வாசகத்தில் எனக்கு உறுத்துவது அதுதான், அதில் வாழ்த்துபவர் யார் என்றே தெரியவில்லை. எழுதியவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒவ்வொரு வரியும் எழுதியிருக்கிறார், படிப்பவனுக்கு என்று அதில் ஒரு வரி இல்லை.

எங்கள் அம்மா காலத்தில் வாழ்த்துகள் என்ற சொல்லே வாயில் வராது. தீபாவளி காலையில் தெருவில் யாரைப் பார்த்தாலும் "எண்ணெய் தேச்சுக் குளிச்சாச்சா?" என்பார்கள். பொங்கலன்று "பால் பொங்கிச்சா?" என்பார்கள். கேள்விதான் வாழ்த்து. கேட்டவர் பதிலுக்காக வாசலில் நிற்பார், "பொங்கிச்சு, உங்க வீட்ல?" என்று இவர்கள் திருப்பிக் கேட்பார்கள், அப்படியே கரும்பு, பொங்கல், யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று பேச்சு போகும். இதில் எந்த உறுப்பினர் உணர்வை யார் மதிக்கத் தவறினார்கள்? சங்கராந்தி கொண்டாடும் இரண்டாவது மாடித் தெலுங்குக் குடும்பத்திடமும் அதைக் கேட்கலாம், கொண்டாடாத எதிர்வீட்டு பாயிடமும் "எங்க வீட்ல பொங்கிச்சு பாய், பொங்கல் அனுப்பறேன்" என்று சொல்லலாம்.

பொங்கல் வாழ்த்து அட்டை தேடி மேடவாக்கத்திலும் வேளச்சேரியிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. பரவாயில்லை, தபால் ஆபீசில் 50 காசு அஞ்சலட்டை வாங்கி வைத்திருக்கிறேன், எங்கள் வளாகத்தில் இருக்கும் 48 வீட்டுக்கும் ஒவ்வொன்று. பெயர் தெரியாத வீடுகளுக்குப் பேரன் போய் மணியடித்துப் பெயர் கேட்டு வந்தான், மூன்று வருடமாகப் பக்கத்தில் இருப்பவர்களின் பெயரை இப்போதுதான் தெரிந்துகொண்டோம். இன்றைக்கு வரை 31 அட்டை எழுதி முடித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, அடியில் என் பெயர்.

செயலாளருக்கும் ஓர் அட்டை எழுதியாயிற்று. உங்கள் பத்திரிகையைத்தான் அவர் காலையில் வாசிப்பார், அதனால் இதைப் பொங்கலுக்கு முன் வெளியிட்டால் எனக்குப் பெரிய உதவி. ஐயா, அந்த மாதிரி வாசகத்தில் பண்டிகை பெயரை மாற்றிப் போடுவதை இந்தப் பொங்கலுக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். தை முதல் நாள் காலையில் படியேறி வாருங்கள், மூன்றாவது மாடி, இடதுபக்கம் இரண்டாவது கதவு. எங்கள் வீட்டில் ஏழரை மணிக்குள் பால் பொங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
மேடவாக்கம், சென்னை.